டிராவலிங் ஊதும் முன்: புதிய கூடைப்பந்து நடுவருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி மைதானமோ மாவட்டப் போட்டியோ, நடுவர் காதில் அதிகம் விழும் சத்தம் "ஸ்டெப்ஸ் ரெஃப், ஸ்டெப்ஸ்!" என்பதுதான். டிராவலிங் ஊதச் சொல்லும் சத்தம் அது: பந்தைக் கையில் பிடித்தபடி விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டிக் காலை நகர்த்துவதே டிராவலிங். கத்துகிறவர்களில் பாதிப் பேர் பந்து கைக்கு வந்த நொடியைப் பார்த்திருக்க மாட்டார்கள், காலை மட்டும் எண்ணியிருப்பார்கள். புதிதாக விசில் எடுப்பவர்களும் இதே வழியில்தான் சறுக்குகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்றில் ஊதிவிடுகிறார்கள். எண்ணிக்கை மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை. பந்து எப்போது பிடிபட்டது என்பது முதல் கேள்வி. அந்த நொடியில் எந்தக் கால் தரையில் இருந்தது என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எண்ணத் தொடங்கினால் ஓடிவந்து ரிங்குக்கு அருகே போடும் நல்ல லே-அப்பை ரத்து செய்வீர்கள், உண்மையான டிராவலிங்கை விட்டுவிடுவீர்கள்.

1. எந்த விதிப்புத்தகம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இந்தியாவிலும் இலங்கையிலும் சங்கங்கள் நடத்தும் போட்டிகள் சர்வதேசக் கூடைப்பந்து கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி நடக்கின்றன. உங்களுக்கு வேண்டியவை இரண்டு ஆவணங்கள். முதலாவது, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்புத்தகம். அதில் 24ஆம் பிரிவு டிரிபிளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது), 25ஆம் பிரிவு டிராவலிங். இரண்டாவது, அதே எண்களின் கீழ் உதாரணச் சூழல்களை வைத்து விளக்கும் அதிகாரப்பூர்வ விளக்கத் தொகுப்பு. இரண்டையும் ஃபிபா தளத்திலிருந்து காசில்லாமல் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். விதிப்புத்தகத்தில் டிராவலிங்குக்கு இரண்டு பக்கம்கூட வராது. விளக்கத் தொகுப்பில்தான் சந்தேகங்கள் தீரும், அதனால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று சீசன் தொடங்கும் முன் ஒருமுறை தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓடும் வீரருக்கான விதி 2017 அக்டோபர் 1 அன்று மாறியது. அதற்கு முன் விளையாடி, அந்த நினைவிலேயே பயிற்சி தரும் கோச்சுகள் பழைய கணக்கைத்தான் சொல்வார்கள். பந்து பிடித்தபோது தரையில் இருந்த காலையே முதல் ஸ்டெப்பாக எண்ணுவது அந்தக் கணக்கு. யூடியூபில் கிடைக்கும் அமெரிக்கப் பள்ளிப் போட்டி நடுவர் பாடங்களும் ஏறக்குறைய இதையே சொல்லும், ஏனென்றால் அவர்களுடைய விதிப்புத்தகம் வேறு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ ஃபிபாவுக்கு நெருக்கம், ஆனால் அதற்கும் தனி வாசகம் உண்டு. கோச் வந்து வாதாடினால் "ஃபிபா, 25ஆம் பிரிவு" என்று சொல்லிவிட்டு நகருங்கள். கோர்ட் ஓரம் வகுப்பெடுக்கும் இடமில்லை.

2. பந்து கைக்குள் வந்த நொடி

டிராவலிங் என்பது உயிருள்ள பந்தைக் கோர்ட்டுக்குள் பிடித்திருக்கும் வீரருக்கு மட்டும் உள்ள குற்றம். டிரிபிள் செய்யும்போது பந்து கையில் படாத நேரத்தில் எத்தனை அடி வைத்தாலும் கணக்கில்லை. எதிரணி திரும்பும் முன் வேகமாகப் பாயும் ஃபாஸ்ட் பிரேக்கில் ஒருவர் பந்தை முன்னால் தள்ளிவிட்டு நான்கைந்து அடி ஓடுவது பார்க்கத் தப்பாகத் தெரியும். ஆனால் தப்பில்லை.

டிரிபிள் முடியும் நொடி இரண்டு விதமாக வரும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பந்தைத் தொடுவது ஒன்று. ஒரு கையிலோ இரு கையிலோ பந்து தங்கிவிடுவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். ஒரு கையின் உள்ளங்கை பந்துக்கு அடியில் போய், பந்து அங்கே ஒரு கணம் நின்றுவிட்டால் டிரிபிள் அங்கேயே முடிந்தது. மறு கை வந்து சேரும்வரை காத்திருந்து எண்ணத் தொடங்கினால் ஒரு ஸ்டெப் இலவசமாகப் போய்விடும். ஸ்பின் போட்டுத் திரும்புகிறவர்களிடம் இதைக் கவனியுங்கள். திரும்பத் தொடங்கும்போதே பந்தை உள்ளங்கையில் சுமந்துகொண்டு, திரும்பி முடித்த பிறகு மறு கையைச் சேர்ப்பார்கள்.

கையில் நிற்காமல் நழுவித் துள்ளும் பந்துக்குக் கணக்கு கிடையாது. பாஸ் வருகிறது, விரலில் பட்டு நழுவுகிறது, வீரர் மூன்று அடி துரத்திப் பிடிக்கிறார் என்றால் பிடித்த பிறகே எண்ண வேண்டும். டிரிபிள் முடிந்த பின் நழுவவிட்டுத் திரும்ப எடுத்தாலும் டிராவலிங் இல்லை. ஆனால் அவர் மறுபடி டிரிபிள் செய்ய முடியாது.

3. நின்றபடி பிடித்தவர்: பிவட் கால்

இடம் மாறாமல் ஊன்றி நிற்க வேண்டிய கால்தான் பிவட் கால். இரண்டு காலும் தரையில் இருக்கப் பந்தைப் பிடித்தவருக்கு எந்தக் காலும் பிவட் ஆகலாம். ஒரு காலைத் தூக்கிய நொடியில் மற்றது பிவட் கால் ஆகிவிடும். அது தொட்ட இடத்திலேயே இருக்கும்வரை மற்றக் காலால் எத்தனை முறை வேண்டுமானாலும், எந்தத் திசையில் வேண்டுமானாலும் அடி வைக்கலாம். குதிகால் எழுந்து முன்பாதம் ஊன்றியிருந்தால் பிவட் கால் தரையில்தான் இருக்கிறது. முன்பாதத்தில் திரும்பலாம், இடம் மாறி இழுபடக் கூடாது.

பிவட் காலைத் தூக்கினாலே டிராவலிங் என்று நினைத்து ஊதுவது புது நடுவர்களின் மிகப் பரவலான பிழை. விதி அப்படிச் சொல்லவில்லை. தூக்கிய பிறகு வீரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

பாஸோ ஷாட்டோ என்றால் பிவட் காலைத் தூக்கலாம். அது திரும்பத் தரையைத் தொடும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். டிரிபிள் என்றால் கதை வேறு. பந்து கையை விட்ட பிறகுதான் பிவட் கால் எழலாம். ஆக, கால் எழுந்த நொடியில் உங்களுக்கு எதுவும் முடிவாகவில்லை. விசில் வாயில் இருக்கட்டும், ஊதாமல் காத்திருங்கள். அடுத்து டிரிபிள் தொடங்கினால் ஊதுங்கள். கால் திரும்ப இறங்கினாலும் ஊதுங்கள். பந்து பாஸாகவோ ஷாட்டாகவோ போய்விட்டால் ஆட்டம் தொடரட்டும்.

ரிங்குக்கு அருகே உயரமான வீரர்கள் செய்யும் ஸ்டெப்-த்ரூ இதனால்தான் சரியானது. இடது கால் பிவட் என்று வையுங்கள். ஷாட் போடுவதுபோல் பந்தை உயர்த்திக் காட்டுகிறார், தடுப்பவர் குதித்துவிடுகிறார், இவர் வலது காலை அவரைத் தாண்டி ஊன்றுகிறார், அதன் பிறகு இடது காலை எடுத்து ஷூட் செய்கிறார். அரங்கமே "ஸ்டெப்ஸ்" என்று கத்தும். ஊதாதீர்கள். இதையே கொஞ்சம் மாற்றி, இடது பிவட் காலில் எம்பி, இரண்டு காலும் காற்றில் இருந்து, பிறகு வலது காலில் இறங்கி ஷூட் செய்தால் அது டிராவலிங். வலது கால் ஊன்றிய பிறகு இடது எழுந்ததா, அல்லது இரண்டும் காற்றில் இருந்த ஒரு நொடி உண்டா என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

தவறவிடப்படும் டிராவலிங்குகளில் பெரும்பகுதி டிரிபிள் தொடக்கத்தில் நடப்பவை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தைப் பிடித்து, தடுப்பவரைப் பார்த்து நிற்கிறார். வலது காலை முன்னால் குத்திக் காட்டுகிறார், அப்போதே இடது கால் பிவட். பிறகு வலப்பக்கம் நீளமாக ஓர் அடி பாய்கிறார். அடி நீளும்போது உடம்பு முன்னால் சாயும், பின்னால் உள்ள இடது காலின் முன்பாதம் தரையில் உரசி இழுபட்டு எழும். பந்து அந்த நேரத்தில் இன்னும் வலது கையில் இடுப்பருகே இருந்தால் டிராவலிங். தரையை நோக்கிக் கையை விட்டிருந்தால் சரி. இடைவெளி மிகக் குறுகியது என்பதால் பின்காலின் ஷூவையும் பந்தையும் ஒரே பார்வைக்குள் வைத்திருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். வலது காலை இடப்பக்கம் குறுக்கே வைத்து உள்ளே நுழைகிறவர்களிடமும் இதே தப்பு அடிக்கடி வரும்.

4. ஓடிக்கொண்டே பிடித்தவர்: ஜீரோ, ஒன்று, இரண்டு

ஓட்டத்தில் பாஸ் வாங்கினாலும், ஓட்டத்தில் டிரிபிளை முடித்தாலும் இரண்டு ஸ்டெப் உண்டு. பந்து கைக்குள் வந்த நொடியில் தரையில் இருந்த கால் எண்ணிக்கையில் சேராது. அதை ஜீரோ என்று மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். அதன் பிறகு தரையைத் தொடும் கால் ஒன்று, அடுத்தது இரண்டு. மூன்றாவது முறை கால் தரையைத் தொடுமுன் பந்து போயிருக்க வேண்டும். இரண்டு காலும் காற்றில் இருக்கும்போது பந்தைப் பிடித்தால் ஜீரோ கிடையாது, முதலில் இறங்கும் காலே ஒன்று.

மனு ஜினோபிலி என்பிஏவில் பிரபலமாக்கிய யூரோ ஸ்டெப் இந்தக் கணக்குக்குள் அடங்கும். முதல் ஸ்டெப் ஒரு பக்கம், இரண்டாவது எதிர்ப்பக்கம். திசை மாறுவதால் அதிகமாக நடந்ததுபோல் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இரண்டுதான்.

ஒரே கால் அடுத்தடுத்து இரண்டு முறை தரையைத் தொடக் கூடாது, ஜீரோ காலுக்கும் இது பொருந்தும். பின்னோக்கிக் குதிக்கும் ஸ்டெப்-பேக்கில் இதுதான் தீர்மானிக்கும். இடது கால் தரையில் இருக்க டிரிபிளை முடித்தார் என்றால் அது ஜீரோ. பின்னால் தள்ளி வலது காலில் இறங்கி, பிறகு இடது காலில் இறங்கி ஷூட் செய்தால் சரி. இடது காலால் தள்ளி, அதே இடது காலில் இறங்கி, பிறகு வலது காலை வைத்தால் டிராவலிங். எண்ணிக்கை இரண்டைத் தாண்டவில்லை என்றாலும் டிராவலிங்தான். லே-அப்புக்கு ஓடும் பள்ளி மாணவர்களிடம் ஒற்றைக்காலில் ஒரு குட்டித் துள்ளல் பார்ப்பீர்கள். அதுவும் இந்த வகைதான், தயங்காமல் ஊதலாம்.

பாஸை ஓட்டத்தில் வாங்கி அப்படியே டிரிபிளுக்குப் போகிறவருக்கு இரண்டு ஸ்டெப் கிடையாது. இரண்டாவது ஸ்டெப் தரையைத் தொடும் முன் பந்து கையை விட்டாக வேண்டும். ஷூட் செய்பவருக்குக் கொடுக்கும் அளவை டிரிபிள் தொடங்குபவருக்கும் கொடுத்துவிடுவது விதி தெரிந்த நடுவர்களுக்கே வரும் பிழை.

5. நிற்கும் விதமும் ஜம்ப் ஸ்டாப்பும்

ஓடிவந்து நிற்பவருக்கு இனி பிவட் உண்டா, எந்தக் காலில் என்பது முதல் ஸ்டெப்பைப் பொறுத்தது. முதல் ஸ்டெப்பிலேயே இரண்டு காலும் தரையில் நிற்க ஓட்டத்தை நிறுத்தினால் எந்தக் காலும் பிவட் ஆகலாம். முதல் ஸ்டெப் ஒற்றைக்காலில் இறங்கி, அடுத்து மற்றக் காலை வைத்து நின்றால் முதலில் இறங்கிய கால் மட்டுமே பிவட்.

முதல் ஸ்டெப்பில் ஒரு காலில் இறங்கி, அதிலிருந்து எம்பி, இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் இறங்கும் ஜம்ப் ஸ்டாப் அனுமதி உள்ள நகர்வு. ஆனால் அதன் பின் பிவட் கிடையாது, எந்தக் காலிலும் கிடையாது. ஒரு கால் எழுந்தால் அது திரும்பத் தரையைத் தொடும் முன் பந்து போயிருக்க வேண்டும். இளம் வீரர்கள் இங்கே அழகாக இறங்கிவிட்டு, வழக்கமாக ஒரு பிவட் அடி எடுத்து வைப்பார்கள். அந்த அடி தரையைத் தொட்டதும் ஊதுங்கள். "ஒரே நேரத்தில்" என்பதில் மயிரிழை பார்க்க வேண்டியதில்லை. டக்-டக் என்று இரண்டு சத்தம் தெளிவாகக் கேட்டால் அது ஒரே நேரம் இல்லை.

6. தரையில் விழுந்தவர்

பந்தோடு விழுவதும், விழுந்த வேகத்தில் சறுக்கிப் போவதும் தப்பில்லை. படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ பந்தைக் கைப்பற்றுவதும் சரி. பந்தைப் பிடித்துக்கொண்டு உருண்டாலோ எழ முயன்றாலோ டிராவலிங். படுத்தபடி பாஸ் கொடுக்கலாம், டிரிபிள் தொடங்கலாம், டிரிபிள் செய்துகொண்டே எழலாம். விழுந்ததைப் பார்த்ததும் கை தானாக விசிலுக்குப் போகும். சறுக்கல் நிற்கும்வரை பொறுத்து, அதன் பின் அவர் புரள்கிறாரா என்று பாருங்கள். மேலே வந்து விழும் எதிரணிக்காரர் ஃபவுல் செய்கிறாரா என்பதும் அதே நேரத்தில் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

7. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

வீரரின் முதுகுக்கு நேர் பின்னால் நின்றால் பந்து தெரியாது, கால் மட்டும் தெரியும். அவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி பக்கவாட்டில் ஓரிரு அடி நகருங்கள். நான்கைந்து மீட்டர் தூரம் வசதியானது. அதைவிட நெருங்கினால் தலையைக் குனிந்து காலைப் பார்க்க வேண்டிவரும், கையைத் தவறவிடுவீர்கள். நீங்களும் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாமே அசைவதுபோல் தெரியும் என்பதால், பந்து பிடிபடும் நொடியில் முடிந்தவரை நின்றுவிடுங்கள்.

பாஸ் காற்றில் வரும்போதே பெறுபவரின் காலுக்குப் பார்வையை இறக்குங்கள். பந்து உள்ளங்கையில் விழும் சத்தம் காதில் கேட்கும்போது எந்தக் கால் தரையில் இருக்கிறது என்பது கண்ணில் இருக்கும். பிவட் கால் எது என்று மனதில் குறித்துக்கொண்டு உடனே தடுப்பவர் பக்கம் பார்வையைத் திருப்பலாம். அரங்கம் இரைச்சலாக இருந்தால் சத்தம் உதவாது, தோளளவில் பார்வையை அகலமாக வைத்துக் கையையும் காலையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இரண்டு நடுவர் ஆட்டத்தில், வெளியே பந்தோடு இருப்பவரின் கால் பெரும்பாலும் ட்ரெயிலின் (ஆட்டத்துக்குப் பின்னால் வரும் நடுவர்) பொறுப்பு, ரிங்கடியில் முதுகு காட்டி விளையாடுபவரின் கால் லீடின் (ரிங் பக்கம் முன்னால் நிற்கும் நடுவர்) பொறுப்பு. வெளியிலிருந்து ரிங்குக்குப் பாயும்போதுதான் குழப்பம். டிரிபிள் முடிந்த நொடியை ஆரம்பத்திலிருந்து தொடர்ந்து பார்த்தவர் ட்ரெயில். லீட் நடுவில்தான் சேர்கிறார், அவருக்கு ஜீரோ தெரிந்திருக்காது. ஆட்டத்துக்கு முன் துணை நடுவரோடு பேசும்போது இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

நடுவர்கள் ஆட்டம் தொடங்க 20 நிமிடம் முன்பே கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். வார்ம்-அப் லே-அப் வரிசையில் யார் ஒற்றைக்காலில் துள்ளுகிறார், யார் முதல் அடியில் பின்காலை இழுக்கிறார் என்று பாருங்கள். பழக்கம் ஆட்டத்திலும் வரும். அதற்காக அவர் பந்தைத் தொடும் முன்பே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

8. ஊதிய பின்

ஒரே விசில், விரித்த உள்ளங்கையோடு கை மேலே, கடிகாரம் நிற்கும். பிறகு இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன் சுழற்றுங்கள். பிறகு பந்து எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் காட்டுங்கள். பந்து எதிரணிக்கு, தப்பு நடந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும் த்ரோ-இன். போர்டுக்கு நேர் பின்னால் மட்டும் கொடுக்கக் கூடாது, கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். டிராவலிங்குக்குப் பிறகு விழுந்த கூடை எண்ணப்படாது. ஷாட் கிளாக் (ஷாட் போட அணிக்கு உள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) இருந்தால் த்ரோ-இன் பெறும் அணியின் பின்பகுதியில் 24 விநாடி, முன்பகுதியில் 14. மேசையில் இருப்பவர் புதியவராக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுங்கள்.

சைகையை அவசரமாகச் செய்யாதீர்கள். முஷ்டி சுழல்வதைப் பார்த்தால்தான் கோச்சுக்கு நீங்கள் டபுள் டிரிபிள் (முடித்த டிரிபிளை மறுபடி தொடங்குவது) ஊதவில்லை என்று தெரியும். அரை மனதோடு செய்யும் சைகை வாதத்தை வலிய அழைக்கும்.

9. ஊதக் கூடாத இடங்கள்

த்ரோ-இன் போடுபவர் கோட்டுக்கு வெளியே இருப்பதால் அவருக்கு டிராவலிங் கிடையாது, பிவட் காலும் கிடையாது. நடுவர் காட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகர்ந்தால் அது த்ரோ-இன் விதிமீறல், பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். கூடை விழுந்த பின் ரிங்குக்குப் பின்னால் உள்ள எண்ட் லைனுக்கு வெளியே அவர் ஓடவும் செய்யலாம். 5 விநாடிக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஷூட் செய்ய எம்பியவரின் பந்தின் மீது தடுப்பவர் கையை உறுதியாக வைத்து, இருவரும் பிடித்தபடியே தரைக்கு வந்தால் அது ஹெல்டு பால். டிராவலிங் ஊதாதீர்கள். யாரும் தொடாமல், அவரே மனம் மாறிப் பந்தோடு இறங்கினால் டிராவலிங்.

தள்ளப்பட்டதால் கூடுதல் அடி வைத்தவரை ஊதுவது கொடுமை. கால் தடுமாறினால் ஏன் தடுமாறியது என்று முதலில் கேளுங்கள். தொடுதல் அவரைத் தள்ளியிருந்தால் அது ஃபவுல். தொடுதல் நடக்கும் முன்பே டிராவலிங் முடிந்திருந்தால் டிராவலிங். எது முதலில் என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது. அதனால்தான் தடுப்பவரைப் பார்க்காமல் காலையே வெறித்துக்கொண்டிருக்கும் நடுவர் இரண்டையும் கோட்டை விடுகிறார்.

தொடக்கத்தைப் பார்க்கவில்லை, முடிவு மட்டும் விகாரமாகத் தெரிந்தது என்றால் விட்டுவிடுங்கள். விகாரம் விதிமீறல் இல்லை. விட்டதற்கு ஒரு கத்தல் வரும். ஊகத்தில் ஊதினால் அதன் பிறகு ஆட்டம் முழுக்க இரண்டு பெஞ்சும் ஒவ்வொரு காலையும் எண்ணிச் சொல்லும்.

10. பயிற்சி, நேரம், செலவு

செலவு என்று பெரிதாக இல்லை. விதிகள் இலவசம், விசில் எப்படியும் வாங்கியிருப்பீர்கள், மிச்சம் ஒரு போன். ஃபிபா விதியில் நடந்த ஆட்டத்தின் வீடியோவை எடுத்து, முதலில் சாதாரண வேகத்தில் ஒரு நகர்வைப் பார்த்து ஊதுவதா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வேகத்தை 0.25க்குக் குறைத்து, பந்து பிடிபட்ட இடத்தில் நிறுத்தி, தரையில் எந்தக் கால் என்று பாருங்கள். அங்கிருந்து ஜீரோ, ஒன்று, இரண்டு. வரிசையை மாற்றாதீர்கள். மெதுவாகவே பார்த்துப் பழகினால் கோர்ட்டில் கண் தடுமாறும், ஏனென்றால் அங்கே எதையும் நிறுத்த முடியாது. தினம் 15 நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வகை நகர்வு மட்டும்: இன்று டிரிபிள் தொடக்கம், நாளை ஜம்ப் ஸ்டாப், அடுத்த நாள் ஸ்பின்.

வீடியோவை விட நல்லது, பயிற்சிக்கு வரும் இரண்டு வீரர்களிடம் கேட்டுக்கொள்வது. ஒருவர் ஸ்டெப்-த்ரூவின் சரியான வடிவத்தையும் தப்பான வடிவத்தையும் மாற்றி மாற்றி, முன்கூட்டிச் சொல்லாமல் செய்யட்டும். நீங்கள் ஊதுங்கள், இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து போனில் பதிவு செய்யட்டும். பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள், நடுவரை ஏமாற்ற யாருக்குத்தான் கசக்கும்?

12 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் போட்டி என்றால், டிராவலிங்கை எவ்வளவு கறாராக ஊத வேண்டும் என்று அமைப்பாளரிடம் முதல் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு, இரண்டு கோச்சுகளையும் அழைத்து ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். முதல் கால்பகுதியில் தளர்த்திவிட்டுக் கடைசிக் கால்பகுதியில் இறுக்கினால் பிள்ளைகளுக்குப் புரியாது, பெற்றோர் சும்மா இருக்க மாட்டார்கள்.